இயந்திரம் ஓடுகிறது, மூளை எப்படி இருக்கிறது?

சென்ற இதழில் எக்மோ என்றால் என்ன என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உடம்பிலிருந்து ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஒரு சவ்வின் ஊடாக ஓடவிட்டு, ஆக்சிஜனை ஏற்றி, கார்பன் டை ஆக்சைடை இறக்கி, திரும்ப உள்ளே அனுப்புகிற இயந்திரம். நுரையீரலுக்கு மட்டும் துணை வேண்டுமென்றால் சிரையிலிருந்து எடுத்துச் சிரையிலேயே விடுவார்கள், அது வி.வி. இதயத்துக்கும் சேர்த்து வேண்டுமென்றால் சிரையிலிருந்து எடுத்துத் தமனியில் விடுவார்கள், அது வி.ஏ. அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது மூளையைப் பற்றி. நான் அந்தப் பக்கத்தில் மூளை என்ற சொல்லையே எழுதவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால் இந்த முறை முழுக்க அதுதான். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

டாக்டர், என் அண்ணனுக்கு நிமோனியா முற்றி, வென்டிலேட்டர் வைத்தும் ஆக்சிஜன் ஏறாமல், எக்மோ வைத்தார்கள். ஆறாம் நாள் காலையில் நுரையீரல் தேறிவருகிறது என்றார்கள். அன்று இரவே மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நுரையீரலுக்கு வைத்த மெஷினால் மூளையில் எப்படி ரத்தம் கசியும்? யாரோ தப்பு செய்துவிட்டு மறைக்கிறார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம்.

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லையம்மா, நானும் ஊகிக்கப் போவதில்லை. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அங்கே என்ன நடந்தது என்று என்னால் சொல்லவும் முடியாது. யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே இது நடக்கக்கூடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ரத்தத்துக்கு ஒரு குணம். ரத்தக்குழாயின் உள்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறையப் பார்க்கும். எக்மோவில் அது நீளமான பிளாஸ்டிக் குழாய்களையும், சுழலும் பம்பையும், மெல்லிய இழைகளால் ஆன சவ்வையும் நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் என்ற கணக்கில் இரவு பகலாகத் தொட்டுக்கொண்டே போகிறது. உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுக்கிறோம், 1916இல் ஒரு மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலில் தற்செயலாகக் கண்ட பொருள் அது, இன்றுவரை அதைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். கூடினால் கசியும், குறைந்தால் உறையும். இதுவரை பலருக்கும் தெரியும்.

தெரியாத பாதி இனிமேல்தான். ஹெப்பரினை ஒரு சொட்டுகூடக் கொடுக்காவிட்டாலும் எக்மோவில் இருப்பவருக்கு ரத்தம் கசியும் தன்மை வந்துவிடும். வான் வில்லிபிராண்ட் காரணி என்று ரத்தத்தில் ஒரு நீளமான புரதம் இருக்கிறது, காயம் பட்ட இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை மாதிரி. அந்த நீளமான இழைகள் இயந்திரத்துக்குள் ரத்தம் ஓடுகிற ஓட்டத்தில் இழுபட்டு துண்டு துண்டாகிவிடுகின்றன, ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும், அதுவும் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள். தட்டணுக்களும் சவ்வில் போய் ஒட்டி எண்ணிக்கையில் குறையும். ஆக ஒரே ரத்தம் குழாயில் உறையப் பார்க்கிறது, மூளையில் கசியப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பாதை எவ்வளவு குறுகலானது என்று ராத்திரி 2 மணிக்கு ஹெப்பரின் அளவை ஏற்றுவதா இறக்குவதா என்று நின்று யோசித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நிமோனியா முற்றியவரின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 80, 90 என்று ஏறியிருக்கலாம். இயல்பான அளவு 35இலிருந்து 45. மூளையின் ரத்தக்குழாய்கள் இந்த வாயுவின் அளவைப் பார்த்துத்தான் விரிவதும் சுருங்குவதும், 80 இருக்கும்போது நன்றாக விரிந்து கிடக்கும். எக்மோ அதை அரைமணி நேரத்தில் 40க்குக் கொண்டுவந்துவிடும், அவ்வளவு கெட்டிக்காரத்தனம் அதற்கு. உடனே குழாய்கள் வெடுக்கென்று சுருங்கி, மூளைக்குப் போகிற ரத்தம் குறைந்துபோகும். இப்படி வேகமாக இறங்கியவர்களுக்கு மூளை பாதிப்பு, குறிப்பாக ரத்தக்கசிவு, அதிகம் வந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் முதல் நாளில் மெதுவாக இறக்கு என்பதுதான் இப்போதைய பாடம். எண்களை உடனே சரிசெய்து காட்டிவிட வேண்டும் என்ற ஆர்வக்கோளாறு எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

எத்தனை பேருக்கு வருகிறது? எல்சோ என்ற சர்வதேச அமைப்பு 1989இலிருந்து எக்மோ நோயாளிகளின் விவரங்களைத் திரட்டுகிறது. அந்தப் பதிவேட்டை வைத்து, பெரியவர்களைப் பற்றிச் செய்த ஆய்வுகளில் வி.வி. எக்மோவில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் வி.ஏ. எக்மோவில் சுமார் 15 சதவீதம் பேருக்கும் மூளை, நரம்புச் சிக்கல் பதிவாகியிருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு வைத்த வி.வி. வகையில் முதலிடம் ரத்தக்கசிவுக்குத்தான். இது பதிவானது மட்டும்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தேடித் தேடி ஸ்கேன் எடுக்கிற இடங்களில் இதைவிடக் கூடுதலாகவே கண்ணில் படுகிறது.

கசிவு தெரிந்தவுடன் பொதுவாக ஹெப்பரினை நிறுத்துவார்கள். வி.வி. எக்மோவை ஹெப்பரின் இல்லாமல் நாள்கணக்கில் ஓட்ட முடியும், ரத்த ஓட்டம் வேகமாக இருந்தால் குழாய் அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. தட்டணுக்கள் ஏற்றுவார்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். மண்டையைத் திறந்து அறுவை செய்வது இந்த நிலையில் அரிது. இவற்றை எப்போது செய்தார்கள், எத்தனை மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, நேரம் போட்டு எழுதிய குறிப்பு அவர்களிடம் இருக்கும். "யார் தப்பு" என்று தொடங்கினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். "எத்தனை மணிக்கு" என்று தொடங்குங்கள். அப்புறம், காலையில் தேறுகிறது என்றார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்த்துச் சொன்னது நுரையீரலை.

சார், அப்பாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு தொடையில் குழாய் போட்டு வி.ஏ. எக்மோ வைத்திருக்கிறார்கள். கால் விரலில் கிளிப் மாட்டினால் ஆக்சிஜன் 100 காட்டுகிறது. ஆனால் நர்ஸ் அதை வலது கைக்கே மாற்றுகிறார், ரத்தமும் வலது மணிக்கட்டிலிருந்தே எடுக்கிறார்கள். கை வீங்கிக் கன்றிப்போயிருக்கிறது. இடது கையில் எடுக்கக் கூடாதா என்று கேட்டதற்குச் சிடுசிடுத்தார்.

சிடுசிடுத்தது தப்பு தம்பி. ஆனால் வலது கையை அவர் விட்டுக்கொடுக்காதது சரி, நூற்றுக்கு நூறு சரி. வேண்டுமானால் கையை ஒரு தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தொடைத் தமனியில் போட்ட குழாய் வழியாக எக்மோவின் ரத்தம் கீழிருந்து மேலே, பெருந்தமனிக்குள் எதிர்த்திசையில் ஏறிப் போகிறது. அப்பாவின் இதயம் மேலிருந்து தன் பங்குக்குக் கொஞ்சம் ரத்தத்தைக் கீழே தள்ளுகிறது. இரண்டும் எங்கேயோ ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். இதயம் மிகவும் பலவீனமாக இருக்கும் முதல் நாட்களில் எக்மோ ரத்தமே மேல்வரை போய்விடும், எல்லா உறுப்புக்கும் நல்ல சிவப்பு ரத்தம் கிடைக்கும். நாலு நாள் கழித்து இதயம் தேற ஆரம்பிக்கிறது என்று வையுங்கள், எல்லோரும் சந்தோஷப்படுகிற நாள் அது. இதயம் பலமாகத் தள்ளத் தள்ள, முட்டிக்கொள்ளும் இடம் கீழே நகரும். அந்த நேரத்தில் நுரையீரல் நீர் கோத்துக் கெட்டுக் கிடந்தால், இதயம் தள்ளுவது ஆக்சிஜன் ஏறாத ரத்தம். பெருந்தமனி வளைவில் முதல் கிளை எங்கே போகிறது தெரியுமா? வலது கைக்கும், மூளையின் வலது பக்கத்துக்கும். அடுத்தது மூளையின் இடது பக்கத்துக்கு. இடது கைக்குப் போவது கடைசி.

அப்போது கால் சிவந்து கதகதப்பாக இருக்கும், கிளிப்பில் 100 காட்டும், உள்ளே மூளை மூச்சுமுட்டிக்கொண்டிருக்கும். இதற்கு ஹார்லெக்வின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பழைய இத்தாலிய மேடைக் கோமாளியின் பல வண்ண உடையை நினைத்து, மேல்பாதி நீலம் கீழ்பாதி சிவப்பு என்று. மூளைக்குள் கிளிப் மாட்ட முடியாது, அதற்கு மிகப் பக்கத்தில், அதே கிளையில் இருக்கும் இடம் வலது கை. அங்கே 88 என்று காட்டினால் மூளைக்கும் ஏறக்குறைய அதே ரத்தம்தான் போகிறது என்று அர்த்தம். கண்டுபிடித்தால் சரிசெய்ய வழி இருக்கிறது: வென்டிலேட்டரைக் கூட்டலாம், எக்மோ ஓட்டத்தைக் கூட்டலாம், கழுத்துச் சிரையில் இன்னொரு குழாய் போட்டு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தை இதயத்துக்குள்ளேயே அனுப்பலாம். இடது கையை நம்பினால் தாமதமாகத் தெரியும். காலை நம்பினால் தெரியவே தெரியாது.

நெற்றியில் இரண்டு பக்கமும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது ஒளியை உள்ளே அனுப்பி மூளையின் முன்பகுதியில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். அந்த எண் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் 60 நல்லதா 70 நல்லதா என்று கவலைப்பட வேண்டாம். ஆரம்பத்தில் இருந்ததைவிட 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் சரிந்தாலோ, அப்போது ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

மயக்க மருந்தை நிறுத்தி 2 நாள் ஆகிவிட்டது. என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை. கோமாவா? ஏன் எம்.ஆர்.ஐ. எடுக்க மறுக்கிறார்கள்?

இரண்டு நாள் என்பது எக்மோவில் இருக்கும் ஒருவருக்குக் கம்மி. மிடாசோலம், ஃபென்டானில், புரோப்போஃபால் போன்ற மயக்க, வலி மருந்துகள் கொழுப்பில் கரைபவை, எக்மோவின் பிளாஸ்டிக்கிலும் சவ்விலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதிக அளவு கொடுத்திருப்பார்கள். கூடவே சிறுநீரகமும் கல்லீரலும் மந்தமாக இருந்தால் அத்தனையும் உடம்பை விட்டு வெளியேற நாளாகும். எத்தனை நாள் என்று யாரும் கறாராகச் சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. எடுக்காததற்கு யாரும் காரணம் அல்ல. எக்மோவின் பம்பிலும் கன்சோலிலும் உலோகமும் மோட்டாரும் இருக்கின்றன, வழக்கமான எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குப் பக்கத்தில் அவற்றைக் கொண்டுபோகவே முடியாது. குறைந்த காந்த விசையில், படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வருகிற சின்ன எம்.ஆர்.ஐ. ஒன்று வந்திருக்கிறது, எக்மோ நோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது இருக்கும் இடங்கள் குறைவு. ஆகவே சி.டி.தான்.

அந்த சி.டி.யும் என்ன பாடு என்று சொன்னால்தான் புரியும். ஸ்கேன் சில நிமிடம். கொண்டுபோய் வர ஒரு மணி நேரமோ மேலேயோ ஆகும். ஒரு டாக்டர், எக்மோவைப் பார்த்துக்கொள்ளும் பெர்ஃபியூஷனிஸ்ட், இரண்டு நர்ஸ், வென்டிலேட்டரைப் பிடித்துக்கொள்ள ஒருவர், கட்டிலைத் தள்ள இரண்டு பேர். சவ்வுக்குத் தனி ஆக்சிஜன் சிலிண்டர். பேட்டரி நின்றுபோனால் பம்பைக் கையால் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, அது கட்டிலிலேயே தொங்கும். லிஃப்டில் கட்டிலும் இயந்திரமும் ஒன்றாக நுழையுமா என்று முன்கூட்டியே அளந்து பார்த்திருப்பார்கள். ஸ்கேன் மேஜைக்கு மாற்றும்போது ஒருவருடைய ஒரே வேலை, தொடையில் இருக்கும் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பது. அது நழுவி வெளியே வந்துவிட்டால் தரை முழுக்க ரத்தமாகிவிடும். இவ்வளவும் தெரிந்துதான் தினமும் சி.டி. எடு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மருந்தை நிறுத்தியும் விழிக்கவில்லை, அல்லது கண்மணி ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருக்கிறது என்றால் இத்தனை பாட்டையும் பட்டே ஆக வேண்டும். உங்கள் கணவருக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்து அதில் ஒன்றும் இல்லை என்றால், தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்களா என்று கேளுங்கள்.

எக்மோ வைப்பதற்கு முன்னால் அவருடைய இதயம் நின்றுபோய் நெஞ்சை அழுத்தினார்களா? கடிதத்தில் இல்லை. அப்படியென்றால் கதையே வேறு. ரத்தம் போகாமல் 4, 5 நிமிடத்திலேயே மூளையில் சேதம் தொடங்கிவிடும், எக்மோ எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த நிமிடங்களை அது திருப்பித் தராது. அப்படிப்பட்டவர்களிடமும் குறைந்தது 72 மணி நேரம், மயக்க மருந்து உடம்பில் மிச்சம் இருந்தால் அதற்கும் மேலே பொறுத்துத்தான், அதுவும் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து இல்லாமல், மூளை தேறுமா தேறாதா என்று பேச வேண்டும். மூன்றாம் நாளுக்கு முன்பே யாராவது தீர்ப்பு சொன்னால், கொஞ்சம் பொறுங்கள் என்று நீங்கள் சொல்லலாம்.

ஃபிட்ஸ் வந்தால் கை கால் வெட்டி இழுக்குமே, பார்த்தாலே தெரியாதா? அதற்கு எதற்கு தலை முழுக்க ஒயர்?

தெரியாது. தசையைத் தளர்த்தும் மருந்து போய்க்கொண்டிருந்தால் வலிப்பு மூளைக்குள் மட்டும் நடக்கும், விரல்கூட அசையாது. மருந்து இல்லாவிட்டாலும் அசைவே இல்லாத வலிப்பு உண்டு. சில பேருக்குக் கண்ணிமை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். அதைக் காட்டிக்கொடுப்பது அந்த இ.இ.ஜி. ஒயர்தான்.

பைபாஸ் ஆபரேஷனில் வைக்கும் ஹார்ட்-லங் மெஷினும் எக்மோவும் ஒன்றா? என் மாமனாருக்கு பைபாஸ் ஆனதிலிருந்து கொஞ்சம் மறதி. அதே காரணமா?

ஒரே குடும்பம். 1953இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் தான் உருவாக்கிய ஹார்ட்-லங் இயந்திரத்தை வைத்து முதன்முதலில் வெற்றிகரமாகத் திறந்த இதய அறுவை செய்தார். அது சில மணி நேரத்துக்கான இயந்திரம். அதையே நாள்கணக்கில் ஓட்டும்படி மாற்றியதுதான் எக்மோ. 1971இல் விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞரை டொனால்ட் ஹில் அதை வைத்துக் காப்பாற்றினார், 1975இல் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சைக் குழந்தையை.

மாமனாரின் மறதிக்கு வருவோம். பைபாஸுக்குப் பிறகு சில வாரம் குழப்பமும் மறதியும் இருப்பது வயதானவர்களிடம் சகஜம். முன்பெல்லாம் பழியை முழுக்க மெஷின் மேல் போட்டோம், 'பம்ப் ஹெட்' என்று ஒரு பேரும் வைத்தோம். அப்புறம் மெஷின் இல்லாமல் செய்த பைபாஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. வயது, சர்க்கரை, ஏற்கெனவே தடித்துப்போன ரத்தக்குழாய்கள், மயக்க மருந்து, தூக்கமில்லாத ஐ.சி.யூ. என்று எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஆறு மாதம் ஆகியும் மாறவில்லையென்றால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்ற இதழைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. ஏற்கெனவே நொந்துபோய் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருப்பவர்களை ஏன் சார் இன்னும் பயமுறுத்துகிறீர்கள்?

இந்த இதழைப் படித்தால் இன்னும் திட்டுவீர்கள்.

ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பி.பி. எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, மெஷின் எத்தனையில் ஓடுகிறது. எல்லாம் திரையில் இருக்கிற எண்கள், எக்மோ ஓடும்போது அவை நன்றாகத்தான் இருக்கும், நன்றாக வைத்திருப்பதுதான் அதன் வேலை. மூளை வேலை செய்கிறதா என்று காட்டும் எண் திரையில் கிடையாது, நெற்றி ஸ்டிக்கர் காட்டுவதும் ஆக்சிஜனைத்தான். யாராவது மருந்தைக் குறைத்து, தோளைத் தட்டி, "கையை அழுத்துங்க, காலை ஆட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தால்தான் உண்டு. அதனால் தினம் ஒரு கேள்வி போதும்: "இன்று மருந்தைக் குறைத்துப் பார்த்தீர்களா, சொன்னதைச் செய்தாரா?" குறைக்க முடியாத நாளும் இருக்கும், ஆக்சிஜன் தள்ளாடுகிற நாளில் குறைக்கக் கூடாது. அப்படியானால் கண்மணியை டார்ச் அடித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள், மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதிவைப்பார்கள். இதைக் கேட்கத் தெரிந்தவர்கள் பயந்துபோய்ப் பார்த்ததில்லை.

பேரக்குழந்தை பிறந்த 2ஆம் நாள் எக்மோவில் வைத்தார்கள், 8 நாள் இருந்தது, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. கழுத்தின் வலது பக்கம் தழும்பு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டோம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்கிறார். எனக்குப் பகீரென்றது.

எனக்கும் முதல் தடவை கேட்டபோது பகீரென்றுதான் இருந்தது. பிறந்த குழந்தையின் தொடையில் குழாய் நுழையாது, அவ்வளவு சின்னது. அதனால் வி.ஏ. எக்மோ என்றால் கழுத்தின் வலது பக்கத் தமனியிலும் சிரையிலும்தான் போட வேண்டும், முடிந்ததும் பல இடங்களில் அந்தத் தமனியைக் கட்டிவிடுவார்கள், சில இடங்களில் தைத்துச் சரிசெய்யவும் செய்கிறார்கள். மூளையின் அடியில் நான்கு பக்க ரத்தக்குழாய்களையும் இணைக்கும் ஒரு வளையம் இருக்கிறது, 1664இல் தாமஸ் வில்லிஸ் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஒரு பக்கம் அடைபட்டால் மற்றப் பக்கத்திலிருந்து இந்த வளையம் வழியாக ரத்தம் வந்துவிடும், பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போதும்.

பச்சைக் குழந்தையிடம் ஒரு வசதியும் உண்டு. உச்சந்தலை மூடியிருக்காது. அந்த மெத்தென்ற இடத்தில் அல்ட்ராசவுண்டை வைத்துப் படுக்கையிலேயே மூளையைப் பார்த்துவிடலாம், எக்மோவில் இருக்கும் முதல் சில நாட்களில் தினமும் பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பொதுவாக எக்மோ வைக்கத் தயங்குவதே மூளையில் கசியும் என்ற பயத்தில்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, பின்தொடர் பரிசோதனையை விடாமல் இருப்பது. முக்கியமாகக் காது. எக்மோவில் இருந்த குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தபோது நன்றாகக் கேட்டுவிட்டு ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கேட்கும் திறன் குறையும், அதைப் பேச்சு வரத் தாமதம் என்று தள்ளிப் போட்டுவிடுவோம். பள்ளிக்கூடம் போகும் வயதுவரை கேட்பது, பேச்சு, கவனம், கை விரல்களின் நுட்பம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூளைச்சாவு என்கிறார்கள். ஆனால் உடம்பு சூடாக இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, ஆக்சிஜன் 100. மூளை செத்துவிட்டது என்று எப்படி முடிவு செய்தார்கள்? எக்மோவில் இருப்பவருக்கு அந்தச் சோதனையே செய்ய முடியாது என்று ஒருவர் சொன்னார்.

செய்ய முடியும். கொஞ்சம் வேறு மாதிரி.

மூளைச்சாவைப் பார்க்கும்போது கண்மணி, கண்ணின் அசைவு, தொண்டையின் எதிர்வினை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மூச்சுச் சோதனை செய்வார்கள். வென்டிலேட்டரின் மூச்சை நிறுத்தினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஏற ஏற உயிருள்ள மூளைத்தண்டு மூச்சு விடச் சொல்லியே தீரும். எக்மோவில் சிக்கல் என்னவென்றால் வென்டிலேட்டரை நிறுத்தினாலும் அந்த வாயுவைச் சவ்வு வெளியேற்றிக்கொண்டே இருக்கும், அளவு ஏறாது, நெஞ்சு அசையாது. மூளை நன்றாக இருந்தாலும்கூட அசையாமல் இருக்கலாம். அதனால் ஆக்சிஜனை முழு அளவில் வைத்துக்கொண்டு, சவ்வுக்குப் போகும் வாயு ஓட்டத்தை மட்டும் மிகவும் குறைத்துவிடுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60ஐத் தொட்டு, தொடங்கியதைவிட 20ஆவது ஏறியிருந்தும் நெஞ்சில் ஓர் அசைவும் இல்லை என்றால்தான் அது மூச்சில்லாத நிலை. வி.ஏ. எக்மோ என்றால் வலது கை ரத்தத்திலும் இயந்திரத்தின் ரத்தத்திலும் இரண்டிலுமே அந்த அளவு வந்திருக்க வேண்டும், முன்னே சொன்ன அதே காரணம்தான்.

எத்தனை டாக்டர் பார்க்க வேண்டும், எத்தனை மணி நேர இடைவெளி என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும். மயக்க மருந்து ரத்தத்தில் இல்லை, உடம்பு குளிர்ந்திருக்கவில்லை என்று முதலில் உறுதிசெய்தார்களா, மூச்சுச் சோதனையில் எண்கள் என்ன வந்தன என்று கேளுங்கள், தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சூடு, ஆக்சிஜன் இரண்டையும் கேட்டீர்கள். ரத்தத்தைச் சூடுபண்ணி அனுப்புவதும் அந்த இயந்திரம்தான். உங்கள் வீட்டில் யார் என்று எழுதவில்லை. யாராக இருந்தாலும், வருந்துகிறேன்.

எக்மோவில் 17 நாள் இருந்து பிழைத்து வந்து 4 மாதம் ஆகிறது. வயது 38. இடது கால் பாதம் தூக்க வரவில்லை, செருப்பு கழன்று விழுகிறது. பேசும்போது சொல் கிடைப்பதில்லை, இரவில் குழாய்கள் கனவில் வருகின்றன. எல்லோரும் 'பிழைத்ததே பெரிது' என்கிறார்கள். ஸ்கேன் நார்மல்.

பிழைத்தது பெரிதுதான், அதற்காகச் செருப்பு கழன்று விழ வேண்டுமா என்ன?

பாதத்துக்கு வருவோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பின் மேலேயே ஒரு நரம்பு ஓடுகிறது, விரலால் தடவினால் உருளும். 17 நாள் கால் வெளிப்பக்கம் சாய்ந்தே கிடந்தால் அது நசுங்கும். குழாய் போட்ட காலில் ரத்த ஓட்டம் குறைந்தாலும் நரம்பு கெடும். இடது தொடையில்தான் குழாய் இருந்ததா? நரம்புக் கடத்தல் சோதனை செய்தால் எங்கே, எவ்வளவு என்று தெரியும். இரண்டு காலும், கைகளும்கூட பலவீனம் என்றால் அது ஐ.சி.யூ.வில் நீண்ட நாள் கிடந்தவர்களுக்கு வரும் தசை, நரம்புத் தளர்ச்சி, மூளையோடு சம்பந்தம் இல்லை.

நார்மல் என்று சொன்ன ஸ்கேன் எது? சி.டி. என்றால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். இப்போது இயந்திரம் இல்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எக்மோவிலிருந்து மீண்டவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது பலருடைய மூளையில் கடுகைவிடச் சின்ன ரத்தக்கசிவுப் புள்ளிகள் இருந்திருக்கின்றன, சி.டி.யில் அவை தெரியவே தெரியாது. இருந்தால் பயப்பட வேண்டாம், அதற்கென்று தனி மருந்தும் இல்லை. ஆனால் சொல் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வது கற்பனை இல்லை என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும், வேலைக்குத் திரும்பும்போது அரை நாளில் தொடங்கவும் காரணம் கிடைக்கும். பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள், பேச்சே போனவர்களுக்கு மட்டும்தான் அவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கனவுகளுக்கு மனநல மருத்துவர். ஐ.சி.யூ.வில் நடந்ததும் மயக்கத்தில் கண்டதும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும், எது நிஜம் எது பிரமை என்று பிரித்துக்கொடுத்தாலே பாதி பேருக்குத் தூக்கம் வருகிறது. அந்த 17 நாளில் கூட இருந்தவர் யாராவது தேதி போட்டுக் குறிப்பு எழுதியிருந்தால் வாங்கிப் படியுங்கள்.

செருப்புக்கு: பின்பக்கம் பட்டை வைத்ததாகப் போடுங்கள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தருவார், ஷூவுக்குள் போட்டுக்கொள்ளலாம். கால் மேல் கால் போட்டு உட்காரும் பழக்கம் இருந்தால் நரம்பு தேறும்வரை அதை விடுங்கள். அதே இடத்தில்தான் மறுபடியும் நசுங்கும்.